சமூகப் பங்கேற்பு வரைபடமாக்கலை வெளிநாட்டில் படிப்பது: எந்தப் படிப்பு, எங்கே, சேருமுன் என்ன கேட்க வேண்டும்?

கோடிழுப்பவன் எழுதியது:

வணக்கம். புவியியலில் இளநிலைப் பட்டம் முடித்த பிறகு, மூன்று ஆண்டுகளாகச் செயற்கைக்கோள் படங்களின்மேல் கட்டடங்களையும் சாலைகளையும் நீர்நிலைகளையும் கோடிழுத்துக் குறிக்கும் வேலையைச் செய்துவருகிறேன். இதுவரை எத்தனை ஆயிரம் கூரைகளுக்குக் கட்டம் போட்டிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவற்றில் ஒரு கூரைக்குக் கீழேகூட யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. சென்ற மாதம் ஒரு பகுதியை நேரில் சரிபார்த்த கள அலுவலர், நான் ‘வீடு’ என்று குறித்திருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட வட்டங்கள் உண்மையில் தானியக் குதிர்கள் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அந்த ஊரில் யாரையாவது ஒருவரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும் ஐயம் அது.

அன்றிலிருந்து, அந்தந்த இடத்து மக்களே தங்கள் நிலத்தை வரையும் முறையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவிட்டது. இரண்டு வகைப் படிப்புகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, புவித்தகவல் தொழில்நுட்பத்தில் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. மற்றொன்று, மானுடப் புவியியலில் ஓராண்டுப் படிப்பு. இரண்டின் பாடத்திட்டத்திலும் ‘பங்கேற்பு’ என்ற சொல் ஓரிடத்தில் வந்துபோகிறது. எதைத் தேர்வது, எங்கே செல்வது என்பதை இத்துறையில் படித்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய திசைகாட்டி எழுதியது:

தாங்கள் சொன்ன குதிர்க் கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் ஏதோ ஒரு வடிவில் நேர்ந்ததுதான்.

நான் நெதர்லாந்தின் என்ஷெடே நகரில் உள்ள ஐடிசியில் படித்தவன். 1950இல் டெல்ஃப்ட் நகரில் வான்வழி நில அளவைப் பயிற்சி மையமாகத் தொடங்கி, 1971இல் என்ஷெடேக்கு இடம்பெயர்ந்து, 2010இல் டுவென்டே பல்கலைக்கழகத்தின் ஒரு புலமாக இணைந்த நிறுவனம் அது. வளரும் நாடுகளிலிருந்து வரும் நில அளவையாளர்களையும் திட்ட அலுவலர்களையும் பயிற்றுவிப்பதற்கென்றே தொடங்கப்பட்டதால், வகுப்பில் பாதிப்பேர் ஏற்கெனவே பத்தாண்டு களப்பணி செய்தவர்களாக இருப்பார்கள். ஆசிரியர்களிடம் கற்றதைவிட அவர்களிடம் கற்றதே எனக்கு மிகுதி.

இனி தங்கள் கேள்விக்கு வருகிறேன். தொழில்நுட்பப் படிப்பில் ஆய அமைப்பு, தரவுத்தளம், தொலையுணர்வு, நிரலாக்கம் ஆகியவற்றைப் பிழையில்லாமல் சொல்லித்தருவார்கள். இதை மட்டமாக எண்ண வேண்டாம். ஊர் எல்லையைப் பற்றிய வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அளவுப் பிழையைத்தான். 1:50,000 அளவுள்ள தாளில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பென்சில் கோடு, தரையில் 25 மீட்டர் அகலமுள்ள பட்டை. பெரியவர் ஒருவர் தம் நினைவிலிருந்து அந்தக் கோட்டை இழுக்கும்போது, அந்த 25 மீட்டரும் யாருடைய வயலுக்குள் விழுகிறது என்பது பக்கத்தில் அமர்ந்திருக்கும் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் தரும். அடர்ந்த மரங்களுக்கடியில் அதை அப்படியே நம்ப முடியாது.

ஆனால் தொழில்நுட்பப் படிப்பு ஒன்றைச் சொல்லித்தராமல் விட்டுவிடக்கூடும். வரைபடம் முடிந்த பிறகு அது யாரிடம் இருக்கும் என்ற கேள்வி அது. அந்தக் கேள்விக்குப் பாடத்திட்டத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் நான் ஒரு படிப்பை மதிப்பிடுவேன்.

தெற்குநோக்கி எழுதியது:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம் இலவசம், கோபோ டூல்பாக்ஸில் கள வினாப்படிவம் அமைப்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். சொந்த மக்களோடு சேர்ந்து வரையும் கலையைக் கற்க ஒருவர் ஏன் கடல் கடந்து செல்ல வேண்டும்? இதில் இருக்கும் முரண் எனக்கு மட்டும்தான் தெரிகிறதா?

காலடித்தடம் எழுதியது:

தெற்குநோக்கியின் கேள்வி நியாயமானது. ஆனால் பாதி நியாயமானது என்றே சொல்வேன்.

இத்துறையின் வேர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் இருக்கின்றன என்பது உண்மை. 1960களின் இறுதியில் டெட்ராய்ட் நகரில் வில்லியம் பங்கி என்ற புவியியலாளரும், க்வென்டொலின் வாரன் என்ற இளம் சமூகச் செயற்பாட்டாளரும் சேர்ந்து ‘டெட்ராய்ட் புவியியல் பயணக் குழு’வை நடத்தினார்கள். அவர்கள் வெளியிட்ட வரைபடங்களில் ஒன்று, புறநகரிலிருந்து வேலைக்கு வந்துபோவோரின் கார்கள் கறுப்பினக் குழந்தைகளை எந்தெந்தத் தெருக்களில் மோதின என்பதைக் காட்டியது. அத்தெருக்களில் வாழ்ந்தவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். வரைபடமாக வந்தபோது நகராட்சி ‘தெரியாது’ என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று.

கனடாவின் வடகோடியில் 1973 முதல் 1976 வரை நடந்த, இனுவிட் என்ற பழங்குடியினரின் நிலப் பயன்பாட்டு ஆய்வில், வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் எங்கெல்லாம் வேட்டையாடினார், எங்கே மீன் பிடித்தார், எங்கே கூடாரமிட்டார் என்பதைத் தாளில் வரைந்தார். அந்தத் தனிமனித வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, ‘ஆளில்லாத பனிவெளி’ என்று அரசு எண்ணிய இடம் முழுதும் கோடுகளால் நிறைந்துவிட்டது. நிலவுரிமைப் பேச்சுவார்த்தைக்கு அது அடித்தளமாயிற்று. 1993இல் உடன்படிக்கையும் 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் என்ற தனி ஆட்சிப்பகுதியும் வந்தன.

கென்யாவின் நைரோபியில் உள்ள கிபேரா என்ற குடிசைப் பகுதி அடுத்த கதை. 2009 வரை பொதுவில் கிடைத்த வரைபடங்களில் அது ஏறத்தாழ வெற்றிடம். அங்கு வாழ்ந்த இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு சந்துகளில் நடந்து, தண்ணீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் மருந்தகங்களையும் குறித்தார்கள்.

இவற்றையெல்லாம் கற்க வெளிநாடுதான் செல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்த மூன்றுமே வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு அரசுகளோடு மோதி நடந்தவை. எது எங்கே பலித்தது, எங்கே பலிக்காமல் போயிற்று என்பதை அந்தந்த நாட்டு மாணவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வாதிடும் வாய்ப்பை இணையப் பயிற்சி தருவதில்லை. நான் வெளிநாட்டில் படித்ததன் பயன் அந்த மேசைதான். மென்பொருளை வீட்டிலிருந்தே கற்றிருப்பேன்.

அளவுகோல் எழுதியது:

இடங்களைப் பற்றிக் கேட்டதால், ஆய்வுக் குழுக்களைச் சொல்கிறேன். இத்துறையில் பட்டத்தின் பெயரைவிட நெறியாளர் யார் என்பதே கூடுதலாகக் கணக்கில் வரும்.

லண்டனின் யூசிஎல் பல்கலைக்கழகத்தில் முகி ஹக்லே உருவாக்கிய குழு, எழுத்தறியாதவர்களும் தரவு சேகரிக்கும்படி, படக்குறிகளை மட்டும் கொண்ட ‘சப்பெலி’ என்ற செயலியை வடிவமைத்தது. காங்கோ ஆற்றுப்படுகையின் காட்டுவாழ் மக்கள், தங்களுக்கு முதன்மையான மரங்களையும் சட்டவிரோத வேட்டையின் தடயங்களையும் அதில் பதிவுசெய்தார்கள். கனடாவில், ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரேசர் டெய்லர் தொடங்கிய புவித்தகவல், வரைபடவியல் ஆய்வு மையம், இனுவிட் மக்களின் பாதைகளையும் கடற்பனி பற்றிய அறிவையும் ஒலியோடும் கதையோடும் இணைத்த இணைய நிலப்படங்களை உருவாக்கியிருக்கிறது. அதே நாட்டின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இந்த வேலை மானுடவியல் துறைக்குள் நடக்கிறது. ஆகவே ‘புவியியல்’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் தேடினால் பாதியைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

ஐரோப்பாவில் லிஸ்பன், மியூன்ஸ்டர், காஸ்டெயோன் ஆகிய மூன்று நகரங்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் புவித்தகவல் தொழில்நுட்ப முதுநிலை, மூன்று அரையாண்டுகள் கொண்டது. மியூனிக், வியன்னா, டிரெஸ்டன், டுவென்டே சேர்ந்து நடத்தும் வரைபடவியல் முதுநிலையும் உண்டு. இவை தொழில்நுட்பப் பக்கம் சாய்ந்தவை. ஆய்வேட்டுத் தலைப்பின் வழியாகத்தான் மக்கள் பக்கம் திரும்ப முடியும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோவும் தருவார்கள். பிரிட்டனின் செவ்னிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைக்கானது. குறைந்தது இரண்டு ஆண்டு பணி அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் தாய்நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருந்தாக வேண்டும். தங்களுக்கு மூன்று ஆண்டு அனுபவம் இருப்பதால் இரண்டுக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

காலடித்தடம் எழுதியது:

ஓராண்டுப் படிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இது என் சொந்தப் பட்டறிவு. அந்தத் துறையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.

ஓராண்டு முதுநிலையில் ஆய்வேட்டுக்குக் கிடைப்பது கோடைக்கால மூன்று அல்லது நான்கு மாதங்கள். ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்துசேர எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. மீதியிருந்த நாட்களில் களத்தில் இருந்தது பத்தொன்பது நாட்கள். ஒரு மலைச்சரிவில் நான்கு குடியிருப்புகளின் நீர் ஆதாரங்களை மக்களோடு சேர்ந்து குறித்தோம். முதல் நாள் தாளையும் வண்ணப் பேனாக்களையும் மேசைமேல் வைத்தேன். ஆண்கள் பேனாவை எடுத்தார்கள், பெண்கள் பின்னால் நின்றார்கள். மறுநாள் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு, தரையில் கல்லும் சாம்பலும் குச்சியும் கொண்டு வரையச் சொன்னேன். அப்போதுதான் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரே நீலக் கோடாக வரைந்திருந்த ஓடையை அவர்கள் ஐந்து துண்டுகளாகப் பிரித்தார்கள்: குடிக்கும் இடம், துவைக்கும் இடம், மாடு இறங்கும் இடம், கோடையில் வற்றும் இடம், இருட்டிய பின் எவரும் தனியாகப் போகாத இடம். இந்தக் கடைசிப் பகுதிக்கு என் குறிவிளக்கப் பட்டியலில் ஒரு நிறமே இல்லை.

இதுவரை சொன்னது இனிமையான பகுதி. பதினேழாம் நாள், மூதாட்டி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, சாம்பலில் தாம் காட்டிய ஓர் ஊற்றைப் படத்திலிருந்து எடுத்துவிடும்படி கேட்டார். அது வெளியே தெரிந்தால் குழாய் போட வந்துவிடுவார்கள் என்றார். என் குறிப்பேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் முந்தைய இரவே தரவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றியிருந்தேன். அங்கே ஒரு புள்ளியை அழித்தாலும் அதன் பழைய பதிப்பு திருத்த வரலாற்றில் நிற்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு அந்தத் தளத்தின் தரவுக் குழுவுக்கு எழுதிக் கேட்டேன். ஆனால் கேட்க வேண்டிய வேளை அது அல்ல. ஏற்றுவதற்கு முன்பு அந்த ஊரைக் கேட்டிருக்க வேண்டும். வரைபடத்தை அச்சிட்டு எடுத்துச்சென்று, ‘இதில் எதை வைக்கலாம், எதை எடுக்க வேண்டும்’ என்று கேட்கும் இரண்டாம் பயணத்துக்கு என் படிப்பில் நாளும் இல்லை, பணமும் இல்லை.

பழைய திசைகாட்டி எழுதியது:

மேலே காலடித்தடம் எழுதியது இந்த இழையில் வந்தவற்றுள் முதன்மையானது. புதிதாக வருபவர்கள் அதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இதன் பெரிய வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்துச் சபோட்டெக் பழங்குடிச் சமூகங்களோடு அமெரிக்கப் புவியியலாளர்கள் நடத்திய பங்கேற்பு வரைபடத் திட்டம் ஒன்றுக்கு, அமெரிக்க ராணுவத்தின் வெளிநாட்டு ராணுவ ஆய்வு அலுவலகம் நிதியளித்திருந்தது. இது தங்களுக்கு முறையாகத் தெரிவிக்கப்படவில்லை என்று அந்தப் பகுதியின் மக்கள் அமைப்பு 2009 ஜனவரியில் அறிவித்தது. ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்று இங்கே தீர்ப்பளிக்க நான் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, ‘பங்கேற்பு’ என்ற சொல்லை முகப்பில் போட்டுக்கொண்டால் போதும் என்று எவரும் எளிதில் சொல்ல முடியவில்லை. கனடாவின் முதற்குடியினர் தங்கள் தரவின்மேல் உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கையும் கோரும் நெறியை முன்பே வகுத்திருந்தார்கள். 2019இல் பழங்குடித் தரவு ஆளுகைக்கான ‘கேர்’ நெறிகள் வந்தன. விண்ணப்பிக்கும் துறையின் வாசிப்புப் பட்டியலில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்று. எல்லாம் திரையில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. கென்யாவின் நெஸ்யூட் பகுதியில் 2006இல் ஒகியெக் மக்கள் 1:10,000 அளவில் ஒரு முப்பரிமாண மாதிரியைச் செய்தார்கள். சமவுயரக் கோடுகளின்படி அட்டையை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது இம்முறை. அந்த அளவில் உயரம் 20 மீட்டர் கூடினால் 2 மில்லிமீட்டர் அட்டை ஒன்று ஏறும். இடங்களுக்குக் குண்டூசி, ஆறு, பாதைகளுக்கு நூல், காட்டுக்கும் வயலுக்கும் வண்ணம். பெரியவர்கள் 1920களில் இருந்த காட்டை அதில் மீட்டு வரைந்தார்கள். தட்டைத் தாளில் திசை தெரியாமல் தடுமாறும் ஒருவர், மலை மலையாகவே எழுந்து நிற்பதைப் பார்த்ததும் விரலை நேராகத் தம் வீட்டின்மேல் வைத்துவிடுவார். மாதிரி ஊரிலேயே தங்கிவிடும் என்பது இதன் கூடுதல் நன்மை. மாணவன் கையோடு எடுத்துச்செல்வது அதன் ஒளிப்படத்தை மட்டும்தான்.

தெற்குநோக்கி எழுதியது:

ஊற்றுக் கதையைப் படித்த பிறகு என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். படிக்கப் போவது சரி. களம் எங்கே இருக்க வேண்டும்? படிக்கும் நாட்டிலா, மொழி தெரிந்த இடத்திலா? அந்நிய ஊருக்குப் போய் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ‘பங்கேற்பு’ நடத்துவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அளவுகோல் எழுதியது:

மொழி தெரிந்த இடம் என்றே நான் சொல்வேன், ஒரு விலக்கோடு. படிக்கும் நாட்டிலேயே ஒரு சமூக அமைப்பு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்து, அவர்களுக்குக் கைகொடுக்கும் தொழில்நுட்ப உதவியாளராக மட்டும் நீங்கள் போனால், மொழி ஓரளவுக்குப் போதும். தான்சானியாவின் டார் எஸ் சலாமில் 2015இல் தொடங்கிய ‘ரமானி ஹுரியா’ வெள்ளத் திட்டத்தில், உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர்களும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து வடிகால்களையும் வெள்ளம் ஏறும் இடங்களையும் குறித்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் செய்தது பயிற்சியும் தரச் சரிபார்ப்பும்தான். அந்தப் பங்கு கௌரவக் குறைவானதல்ல.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒன்று. இடப்பெயரை ஒருபோதும் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். சொல்பவரின் குரலிலேயே பதிவுசெய்து, அப்படியே எழுதி, பொருளைத் தனியாகக் கேளுங்கள். ஒரே குன்றுக்கு இரண்டு கரையிலும் இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் வையுங்கள்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். எல்லா நாடுகளும் வெளிநாட்டு மாணவரை ஜிபிஎஸ்ஸோடு சுற்ற விடுவதில்லை. சீனாவில் அனுமதியில்லாமல் வெளிநாட்டவர் அளவைப் பணி செய்வது சட்டத்துக்குப் புறம்பானது. ட்ரோனுக்குப் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். மாணவர் விசா கள ஆய்வுக்கு அனுமதி தருவதாக நீங்களாகவே எண்ணிக்கொள்ளாதீர்கள்; ஆய்வு அனுமதி பெரும்பாலும் வேறொரு அலுவலகத்தின் வேலை, அதற்குரிய மாதங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோடிழுப்பவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியாமைக்குக் காரணம், உங்கள் மறுமொழிகளைப் படித்த பிறகு எனக்கு வேறு வேலை வந்துவிட்டது.

பட்டியலில் வைத்திருந்த ஐந்து துறைகளுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். மூன்று கேள்விகள்தான்: நெறிமுறை ஒப்புதலுக்கு வழக்கமாக எத்தனை வாரம் ஆகும், வரைபடத்தை ஊருக்கு எடுத்துச்சென்று காட்டித் திருத்தும் இரண்டாம் பயணத்துக்கு ஆய்வேட்டுக் காலத்தில் இடமும் நிதியும் உண்டா, ஒரு சமூகம் வெளியிட வேண்டாம் என்று சொன்ன தரவை இணைக்காமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க விதி இடம்தருகிறதா. இரண்டு துறைகள் சேர்க்கைக் கையேட்டின் இணைப்பை மட்டும் அனுப்பின. ஒன்றிலிருந்து பதில் இல்லை. நான்காவது, இரண்டாம் பயணத்தைச் சொந்தச் செலவில் செய்துகொள்ளலாம் என்றது. ஐந்தாவதிலிருந்து ஒரு பேராசிரியர், மூன்றாம் கேள்விக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். அவருடைய மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில் ஒரு வரைபடம் வெற்றுச் சட்டமாகவே அச்சிடப்பட்டு, அதன் கீழே ‘ஊரின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது’ என்ற குறிப்போடு ஏற்கப்பட்டதாம். அது இரண்டாண்டுப் படிப்பு. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன.

நோக்க அறிக்கையைக் குதிர்களிலிருந்து தொடங்கலாமா? அது என் பிழையை நானே முதல் வரியில் ஒப்புக்கொள்வதாக ஆகிவிடுமே என்று தயக்கமாக இருக்கிறது.

காலடித்தடம் எழுதியது:

தாராளமாகத் தொடங்குங்கள். கள அலுவலர் திருப்பி அனுப்பிய அந்தத் திருத்தக் குறிப்பு கைவசம் இருந்தால், எத்தனை வட்டங்கள் என்ற சரியான எண்ணிக்கையையும் எழுதுங்கள். ‘நாற்பதுக்கும் மேற்பட்ட’ என்பது அந்தப் பேராசிரியருக்குப் போதாது.

கோடிழுப்பவன் எழுதியது:

எண்ணிப் பார்த்துவிட்டேன். நாற்பத்து மூன்று.